பள்ளிக்கூடம் தராததை அப்பா தந்தார்: வடநெம்மேலியில் இருந்து பத்மஸ்ரீ வரை போன பாம்புப் பாடம்

ஜூன் மூன்றாவது ஞாயிறு வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அப்பாக்கள்தான். ‘கஷ்டப்பட்டு என்னைப் படிக்க வைத்தவர்’ என்பதுதான் பெரும்பாலும் அதில் வரும் நன்றி. சரி, பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்ப முடியாத அப்பாக்களுக்கு எதைச் சொல்லி நன்றி சொல்வது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், நெம்மேலியை ஒட்டிய வடநெம்மேலியில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

யார் இந்த இருவர்?

மாசி சடையன், வடிவேல் கோபால். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர் சமூகத்தினர். 2023-ம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் சமூகப் பணி பிரிவில் இருவர் பெயரும் சேர்ந்தே வந்தது. இருவருமே பள்ளிக் கல்வி பெறாதவர்கள். பாம்பு பிடிக்கும் வித்தை முன்னோர் வழியாக வந்தது.

2017-ல் இவர்களை அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. உள்ளூர் வேட்டைக்காரர்கள் தேடியும் அவை எளிதில் கண்ணில் படவில்லை. போய்ச் சேர்ந்த சுமார் இரண்டு வாரத்தில் இவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று கிட்டத்தட்ட 16 அடி நீளப் பெண் பாம்பு.

அப்படி என்ன கற்றுக்கொண்டார்கள்?

இருளர் வீடுகளில் இதற்குத் தனியாக வகுப்பு கிடையாது. அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வயல் வரப்புக்குப் போனால் பிள்ளையும் பின்னாலேயே போகும். பல குடும்பங்களில் அம்மாவும் கூடவே. மண்ணில் விழுந்த தடம் இன்றையதா நேற்றையதா, பாம்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது, உரித்துப்போட்ட சட்டை எந்தப் பாம்புடையது, எந்த எலி வளையில் எலி இல்லாமல் பாம்பு இருக்கும் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபட வேண்டும்.

இதில் தப்பான விடைக்கு மார்க் மட்டும் குறையாது, உயிரே போகலாம். அதனால் ‘இப்போ தொடாதே’ என்று தடுக்கத் தெரிவதும் பாடத்தில் பாதி.

அந்த அப்பாக்களின் வேலை ஏன் பறிபோனது?

ஒரு காலத்தில் இருளர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காக விற்கப்பட்டன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புகளைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால், கைத்தொழில் ஒரே அடியில் குற்றமாகிப் போனது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அப்பாவிடம் இருந்த ஒரே சொத்துக்கு மதிப்பில்லாமல் போனது.

மறுபடி எப்படி மதிப்பு வந்தது?

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இப்போது வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர்கள் பிடித்து வருவார்கள். மண் பானைகளில் சில வாரம் வைத்து, இடைவெளி விட்டு விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள்.

அந்த விஷத்தைச் சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளில் இருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அரசு மருத்துவமனையில் போடப்படும் ஊசி மருந்துக்குப் பின்னால், மகனை வரப்பில் கூட்டிப்போன ஏதோ ஓர் இருளர் அப்பா இருக்கிறார்.

பெற்றவர் மட்டும்தான் அப்பாவா?

இந்தச் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் முக்கியமானவர் ரோமுலஸ் விட்டேகர். 1976-ல் முதலைப் பண்ணையைத் தொடங்கியவரும் இவர்தான். 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்தது 1951-ல், அம்மா மறுமணம் செய்துகொண்ட ராமா சட்டோபாத்யாயா வழியாக. இந்த ராமா, விடுதலைப் போராட்ட வீரர் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகன். மாற்றாந்தந்தையின் ஊரே சிறுவனுக்குச் சொந்த ஊரானது. படிப்பு கொடைக்கானலில்.

1960-களில் அமெரிக்கா திரும்பியபோது, மயாமியில் பாம்புப் பண்ணை நடத்திய பில் ஹாஸ்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். 170 முறைக்கும் மேல் பாம்புக்கடி வாங்கியும் 100 வயது வரை வாழ்ந்தவர் ஹாஸ்ட். அவரிடம் விஷம் எடுக்கும் தொழிலைப் பார்த்த விட்டேகர், இந்தியா திரும்பிய பிறகு பாம்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையை இருளர் பெரியவர்களிடம் கற்றார். விட்டேகருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த மூன்று பேரின் விருதுக்குப் பின்னால் எத்தனையோ ‘அப்பா’க்கள். அவர்களில் பலரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனி என்ன?

இருளர் பிள்ளைகள் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். அதே நேரம், பகல் முழுக்க வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வரப்பில் அப்பாவோடு நடக்க நேரம் கிடையாது. நடந்து நடந்து கற்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறாது. சொல்லிக்கொடுக்கும் கைகள் ஓய்ந்தால் பாடமும் அதோடு போய்விடும்.

இது இருளர்களுக்கு மட்டுமான கதை இல்லை. மழை வருமா என்று காற்றைப் பார்த்துச் சொல்லும் தாத்தா, இன்ஜின் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடிக்கும் மாமா, வாடகைக்கு இருந்த வீட்டு ஓனர், சைக்கிள் கடை அண்ணன் என்று எல்லோருக்குள்ளும் இப்படி ஒரு பாடம் இருக்கும். அதை ‘படிப்பு’ என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த ஞாயிறு ஸ்டேட்டஸ் போடுவதோடு நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதை உங்களுக்கு யாருப்பா சொல்லிக்கொடுத்தாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். போனில் ரெக்கார்ட் பட்டனையும் அழுத்திவிடுங்கள்.