உங்களுக்குத் தெரியுமா? லயத்து வாசலுக்கு வரும் ஓடை

● இணையத்தில் ‘ஃபீட்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் ‘செய்தியோடை’ என்று பெயர். பதுளைக்காரருக்கு இது சட்டென்று விளங்கும். துன்ஹிந்தையில் விழுவது பதுளு ஓயா. மலையில் எங்கெங்கோ ஊறும் தண்ணீரைக் கூட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. செய்தியோடையின் வேலையும் அதுவே. பத்து இணையத்தளங்களில் புதிதாக வருவதை நீங்கள் தேடிப் போகாமலே உங்கள் திரையில் வரிசையாகக் கொண்டுவந்து வைக்கும்.

● இதன் பரவலான வடிவமான ஆர்.எஸ்.எஸ். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் வி. குஹா. சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்தவர்.

● 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ வலைப்பதிவுத் திரட்டி முழுக்க முழுக்க ஓடைகளால் இயங்கியது. யாழ்ப்பாணத்தில் எழுதியது, கோவையில் எழுதியது, டொரொன்டோவில் எழுதியது எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழுந்தன. ஆக, இந்த நுட்பம் தமிழுக்குப் புதிதல்ல. நம் கந்தோர்களுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

● ஓடை இல்லாத காலத்தில் தோட்டத்தில் வேலைச் செய்தி பரப்பிய இடம் பிரட்டுக்களம். ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் பிரட்டு ஆனது. விடியுமுன் தப்பு அடித்து எழுப்பி, ஆட்களைக் கூட்டி, யாருக்கு எந்த மலை, யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து என்று சொல்லி அனுப்புவார்கள். மேலேயிருந்து சொல்ல நினைத்தது மட்டும் கங்காணியின் வாய்வழி கீழே வரும். சம்பளச் சட்டம் மாறிய செய்தி அந்த வழியாக வந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

● செய்தியை மறித்த இந்தச் சுவரைத் தாண்டியவர் கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த இந்தப் பத்திரிகையாளர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார். பார்த்ததை எழுதினார். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் செய்தியைப் பாட்டாகவே பாடினார். வாசிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணலாம் அல்லவா? செய்தியைத் திரட்டுவதும் பகிர்வதும் எவ்வளவு பெரிய வேலை என்பதை நம் மலையகம் இவர்களிடமே படித்தது.

● நான் வேலை பார்த்த ஒரு கந்தோரில் நடந்தது. இடமாற்ற விண்ணப்பம் கோரும் சுற்றுநிருபம் இணையத்தில் ஏறி மூன்று வாரம் கழித்து அறிவித்தல் பலகைக்கு வந்தது. முடிவுத் திகதி அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. பசறைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த ஓர் ஆசிரியை அந்தத் தாளின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். துருப்பிடித்த குண்டூசி, ஈரத்தில் சுருண்ட தாள் முனை, அந்த விரல், இவை இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அந்தத் தளத்துக்கு ஓர் ஓடையும் அதைத் தினம் பார்க்க ஓர் ஆளும் இருந்திருந்தால், சுற்றுநிருபம் வெளியான அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும்.

● ஓடையைத் திறந்து உள்ளே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தலைப்பு, ஓர் இணைப்பு, சிறு குறிப்பு, வெளியான திகதி. அவ்வளவுதான். திகதியோடு நேர வலயமும் இருக்கும். இலங்கையில் பதிந்த செய்தி என்றால் இன்று பெரும்பாலும் +0530. 2006 ஏப்ரல் 15க்கு முந்திய பழைய பதிவுகளில் +0600 என்று காணலாம். 1996இல் முன்னே தள்ளிய கடிகாரத்தை நாடு அன்றைக்குத்தான் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தது.

● ஆர்.எஸ்.எஸ்.ஸில் ‘இந்த நாட்களில் வந்து பார்க்க வேண்டாம்’ என்று சொல்ல ஒரு குறி உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்று அதில் எழுதிவிட்டால் போதும். பிரட்டு இல்லாத நாள்!

● டேட்டா தின்னுமே என்று கவலைப்பட வேண்டாம். ஓடை வெறும் எழுத்து. அதிலும், ஒழுங்காக அமைத்த தளமாக இருந்தால், ‘போன தடவை வந்ததற்குப் பிறகு புதிதாக ஏதும் உண்டா?’ என்று ஓடை வாசிக்கும் செயலி கேட்கும். இல்லையென்றால் தளம் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். மடுல்சீமை மலைமுகட்டில் ஒற்றைக் கோடு சிக்னலில் இருப்பவருக்கு இது பெரிய உதவி.

● அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் மும்மொழியிலும் வருகிறது. அவசரமானவை அதிவிசேட வர்த்தமானியாக எந்த நாளிலும் வரும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது வர்த்தமானி வழியாகத்தான்: அடிப்படை 900, வரவுசெலவுப் படி 100. சம்பளத் துண்டைச் சரிபார்க்க ஒருவருக்குத் தேவையான தாள் அது. வாட்ஸ்அப்பில் யாரோ படம் பிடித்து அனுப்பும் பாதிப் பக்கம் இதற்குப் போதாது. மூலத் தாள் வேண்டும், தமிழில் வேண்டும், வெளியான அன்றே வேண்டும்.

● கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கியது. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தோடு, இணையத்துக்கு மாறியது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த கச்சான் காற்று வீசும்போது வரும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம், தனி விலை. அந்த விலை அன்றைக்கே திரையில் தெரிகிறது. கொழுந்து கிள்ளியவரின் கைப்பேசியிலும் அது தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

● கணினி இல்லாதவருக்கு ஓடை எப்படிப் போகும்? கொத்மலை சமுதாய வானொலி 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு இதற்கு விடை கண்டது. நேயர்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கிடைத்ததை அவர்கள் மொழியில் வானொலியிலேயே விளக்குவார். ஊவாத் தோட்டத்தில் ஒரு முன்பள்ளி ஆசிரியையோ வாசிகசாலைப் பொறுப்பாளரோ இன்று இதைத் தாராளமாகச் செய்யலாம்.

● 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். அறிவித்தல் இருந்தும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். போக மாற்றிடம் வேண்டும், அது முதல் காரியம். அதோடு, எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்து சேரவும் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாகத் தருகிறது: மஞ்சள் என்றால் விழிப்பாயிரு, செம்மஞ்சள் என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் வெளியேறு. இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை இயந்திரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொள்ள ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’ என்று உலகப் பொதுவான ஒரு வடிவம் இருக்கிறது. அது ஓடைகள் வழியாகவும் பயணம் செய்கிறது. சுனாமிக்குப் பின் சர்வோதயமும் லேர்ன்ஏசியாவும் கடலோரக் கிராமங்களில் அதைப் பரீட்சித்துப் பார்த்தன. மலைக்கும் அது வேண்டும்.

● கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்புச் செயலி 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. ஆனாலும் அதில் ஓடை வாசித்தவர்கள் தங்கள் பட்டியலை இழக்கவில்லை. ஓ.பி.எம்.எல். என்ற சிறு கோப்பில் அதை இறக்கி வேறு செயலியில் ஏற்றிக்கொண்டார்கள். கந்தோருக்கு இது எவ்வளவு பயன்! பொறுப்பாளர் இடமாற்றத்தில் போகும்போது சாவிக்கொத்தோடு அந்தக் கோப்பையும் கொடுத்துவிட்டுப் போகலாம். புதியவர் முதல் நாளே எல்லா ஓடைகளோடும் உட்காருவார்.

● ஒரு தளத்தில் ஓடை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வேர்ட்பிரஸில் அமைத்த தளங்களில் பெரும்பாலும் திறக்கும். குறிகளும் எழுத்துமாக ஒரு பக்கம் வந்தால் அதுவே ஓடை. அந்த முகவரியைத் தண்டர்பேர்ட், ஃபீட்லி போன்ற வாசிப்புச் செயலி ஒன்றில் ஒட்டுங்கள். வராவிட்டால், தளத்தை நடத்துபவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே. ஓடை ஒன்று திறந்து தாருங்கள், தமிழ்ப் பக்கத்துக்கும் சேர்த்துத் தாருங்கள் என்று.