மெட்ராஸ் டெரஸ் வீடு

மெட்ராஸ் டெரஸ் என்பது செங்கல், மரம், சுண்ணாம்புக் காரை மூன்றையும் கொண்டு போடும் மொட்டைமாடித் தளம். அதில் கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. கீழே முட்டுக்கொடுத்துப் பலகை அடிக்கும் வேலையும் இல்லை. பிரிட்டிஷார் காலத்தில் சென்னையில் பரவிய இம்முறை, இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் வட தமிழகத்தின் சிற்றூர்களில் தொடர்ந்தது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் நகரங்களின் அக்காலச் செங்கல் வீடுகளை மதிப்பிட வேண்டுமானால் வாசலில் நின்று பார்த்தால் போதாது. உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

கான்கிரீட் வந்த பிறகும் பழைய முறை நீடித்ததற்கு ஒரு காரணம் தட்டுப்பாடு. போர்க்காலத்தில் வந்த சிமெண்ட் கட்டுப்பாடு 1982இல்தான் ஓரளவு தளர்ந்தது; முழுதாக நீங்கியது 1989இல். பெர்மிட்டுக்கு அலைவதைவிடக் காளவாயில் சுண்ணாம்பு வாங்குவது எளிது. மரத்துக்கும் நெருக்கடி வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த தேக்கு நின்றது. உத்தரம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு கர்டரும், அதன் மேல் மரச் சட்டங்களுமாகச் சில தளங்கள் அமைந்ததற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

தளம் போடும் முறை இது. சுவருக்குச் சுவர் உத்தரம் ஏற்றி, அதன் குறுக்கே ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டங்களைப் பரப்புவார்கள். தளத்துக்கு வரும் கல் தனி: சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். கொத்தனார் அறையின் மூலையில் தொடங்கி, கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சட்டத்துக்கு 45 பாகை சாய்வாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார். மூலையில் முதல் வரிசை மிகச் சிறியது. பிடிமானத்துக்குச் சுவர் இருக்கிறது. அது இறுகியதும் அடுத்த வரிசை அதைப் பற்றிக்கொள்ளும். அந்தரத்தில் நிற்கும் கல் விழாமலிருப்பது இந்தச் சாய்வால்தான். நேர்வரிசையாக வைத்தால் சட்டங்களுக்கு நடுவே இருக்கும் கற்களுக்குத் தாங்கல் கிடைக்காது.

இதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து 3, 4 அங்குலம் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பதியாமல் துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியதாகக் கணக்கு. கடைசியில் சுண்ணாம்புக் காரையில் தட்டோடு பதிப்பார்கள். அடிக்கும்போது தெளிக்கும் நீரில் வெல்லமும் கடுக்காயும் ஊறியிருக்கும். வெல்லத்தின் சர்க்கரை காரை இறுகுவதைத் தாமதப்படுத்தி அடிக்க நேரம் தருகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து குறைந்த நீரிலேயே காரையை இளக்குவதால் வெடிப்பு குறைகிறது. பேரணாம்பட்டில் கடுக்காயை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை நிறம் கொடுத்து முடித்ததும் கடுக்காய்தான். தோலின் மயிரைக் களைந்த குழியில் இருந்ததும் சுண்ணாம்புதான். தொட்டியிலும் தளத்திலும் ஒரே சரக்கு.

சுவர்களும் அந்தக் காலத்தைக் காட்டுகின்றன. இன்றைய அறைத் தடுப்புகளில் பெரும்பாலும் அரைக்கல் சுவர். பழைய வீட்டில் ஒரு கல், ஒன்றரைக் கல். வேலூர்ப் பக்கத்துக் கோடையில் அந்தக் கனத்தைத் தாண்டிச் சூடு உள்ளே வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். கைப்பிடிச் சுவரின் நெற்றியில் காரையால் எழுதிய கட்டிய ஆண்டும், முஸ்லிம் வீடுகளில் பிறையும் 786உம் இருக்கும். முன்பக்கம் மட்டும் சிமெண்டில் போட்ட வளைந்த சன்ஷேடு என்று புதுமோகமும் உண்டு. பழமைவிரும்பிகள் இந்தக் கலப்பைக் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் ஒரு கட்டுமான முறை இன்னொன்றுக்கு இடம்விட்ட தருணத்தைக் காட்டும் சான்று அதுவே.

சட்டத்தின் கண்ணில் இவ்வீடுகள் இளையவை. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் பழஞ்சின்னம் என்பதற்குக் குறைந்தது 100 ஆண்டு கேட்கிறது. ஆனால் பிரிட்டனில் போருக்குப் பின் எழுந்த கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது 1987இல் தொடங்கியது. லண்டனின் புறநகரில் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்காக அமைத்த தற்காலிக வீடுகளில் ஆறு 2009இல் பட்டியலில் ஏறின. தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறியது.

வயதைவிடப் பெரிய ஆபத்து தவறான பழுதுபார்ப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும். அதோடு ஏறிவந்த உப்பு பூத்துச் செங்கல் பொரிந்து உதிரும். தோல் தொழிலின் உப்பு நிலத்தடி நீரில் கலந்த பாலாற்றுப் பகுதியில் இது இன்னும் விரைவாக நடக்கும். தளத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த சட்டத்தின் முனை: மழைநீர் இறங்கும், மரம் உளுக்கும். அப்போது முழுத் தளத்தையும் இடிக்க வேண்டியதில்லை. முட்டுக்கொடுத்து, கெட்ட சட்டத்தையும் அதன் இருபக்கக் கற்களையும் மட்டும் எடுத்து, புதுச் சட்டம் ஏற்றி, அதே சாய்வில் கல் ஒட்டிக்கொள்ளலாம்.