பத்து பர்சென்ட்னு போடட்டுமா?

சோழவரத்தில் ஜி.என்.டி. சாலை ஓரமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் மனு அடிப்பது போக, வீட்டு வாடகை ஒப்பந்தமும் நிறைய அடிக்கிறேன். பெயர், விலாசம், வாடகை, அட்வான்ஸ் எல்லாம் கேட்டு முடித்த பிறகு கடைசியாக ஒன்று கேட்பேன்: "வருஷத்துக்கு எவ்ளோ ஏத்துவீங்க? பத்து பர்சென்ட்னு போடட்டுமா?" ஓனரும் குடிவருபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் அண்ணா" என்று இருவருமே சொல்வார்கள். பின்னால் வருகிற தகராறில் பாதி அந்த 'அப்புற'த்தில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கேட்டவர்கள் பள்ளிக்கூட வாத்தியார்களும் ரெட்ஹில்ஸ் அரிசி மில் கணக்குப்பிள்ளைகளும்தான். இப்போது நெடுஞ்சாலையின் இருபக்கமும் குடோன்கள். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். லைன் வீடுகள் தலைக்கு இவ்வளவு என்று ஆள் கணக்கில் வாடகைக்குப் போகின்றன. ஒரிசா, பீகார் பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு அறைக்குத் தருகிற பணத்தை, குடும்பத்தோடு இருப்பவர் தர முடியாது. "அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேத்துக் குடு, இல்லனா காலி பண்ணு" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஓனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மாடி எடுத்த பேங்க் கடனுக்கு மாதாமாதம் தவணை ஓடுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் உண்டு. பெயர் நீளம்: நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22இல். அதற்கு முன்பு 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 'நியாய வாடகை' என்று ஒரு கணக்கு இருந்தது. மனை, கட்டடம் இரண்டின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பானால் அதில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையானால் 12 சதவீதம் என்று வாடகை கட்டுவார்கள். வழக்கு நடந்துகொண்டே இருக்கும், மகன் பேரன் வரைக்கும்.

புதிய சட்டம் அந்தக் கணக்கை எடுத்துவிட்டது. நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதுதான் வாடகை, எழுதிக்கொண்டபடிதான் ஏற்றம் என்கிறது. இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பு எதுவும் அதில் கிடையாது. இது தெரியாமல், "கவர்மென்ட்ல அஞ்சு பர்சென்ட்தானே?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1979 முதல் வாடகை வாரியம் இருக்கிறது. வாரியத்தின் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்கு, விலைவாசி உயர்வில் 60 சதவீதம்தான் ஆண்டு ஏற்றம் என்று அந்த ஊர் வரம்பு கட்டியிருக்கிறது. நம் ஊரில் வரம்பு கட்டுவது என் டைப்பிங் மேசையில் உட்காரும் அந்த இரண்டு பேர்தான். அதனால்தான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

எழுதாமல் விட்டுச் சண்டை வந்துவிட்டால்? துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியை வாடகை அதிகாரியாக நியமித்திருக்கிறார்கள். ஓனரோ குடியிருப்பவரோ அவரிடம் மனுப் போடலாம். வாடகையை அவர் நிர்ணயிப்பார், அல்லது திருத்துவார். எந்தத் தேதியிலிருந்து புது வாடகை என்பதையும் அவரே சொல்லலாம். அவர் உத்தரவு பிடிக்காதவருக்கு வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம்.

ஏற்றிய வாடகையைத் தந்தால்தான் ஆச்சு என்று பழைய வாடகையையே வாங்க மறுக்கிற ஓனர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டால், 'வாடகை பாக்கி' என்று வழக்குப் போட வசதி. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மணியார்டர் மாதிரி சாட்சி நிற்கும் வழியில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்ப வேண்டும். அப்போதும் வாங்கவில்லை என்றால், பணத்தை வாடகை அதிகாரியிடமே கட்டிவிடலாம். ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்துவது இவையும் குற்றம்தான். இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அதிகாரி உத்தரவிடலாம்.

ஆனால் அந்த அதிகாரியிடம் போகக் கையில் ஒப்பந்தம் வேண்டும், அது பதிவாகியும் இருக்க வேண்டும். வாடகைக்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் ஏற்றினால் ஒரு பதிவெண் தருவார்கள். "பதினோரு மாசம்தானே, பதிவு தேவையில்ல" என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கணக்கு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு உள்ளது. வாடகைச் சட்டத்துக்குப் பதினோரு மாதமானாலும் தெரிவித்தாக வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பிருந்தே வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அவர்களைக் காலி செய்யக் கேட்கலாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் செல்லும். தெற்கே ரெட்ஹில்ஸ் இருக்கும் நாரவாரிக்குப்பம் பேரூராட்சி, செல்லும். பொன்னேரி நகராட்சி, செல்லும். கும்மிடிப்பூண்டி பேரூராட்சி, செல்லும். சோழவரம்? ஒன்றியத்துக்கே தலைமையிடமாக இருந்தாலும், ஊர் இன்னும் கிராம ஊராட்சிதான். வாடகை மட்டும் டவுன் வாடகை. ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற இரண்டு பேரில் ஒருவருக்கு வாடகை அதிகாரி உண்டு, இன்னொருவருக்கு இல்லை. கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் நகர்ப்புறமாக அறிவிக்க அரசால் முடியும். அறிவித்தால் நல்லது என்பது என் கட்சி.

அதுவரைக்கும் ஊராட்சியில் இருப்பவருக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம்தான். வாடகையை ஓனர் தன்னிஷ்டத்துக்கு ஏற்றிவிட முடியாது. ஆனால் மாத வாடகைக்கு இருப்பவருக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் குடித்தனத்தை முடித்துக்கொள்ளலாம். அப்புறம் சிவில் வழக்கு, வாய்தா. பொதுவாக ஏற்றத்தைவிட வக்கீல் செலவு பெரிசு.

இவர்களை நான் பொன்னேரி கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புகிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தாலுகாவுக்குத் தாலுகா அமைக்கப்படுவது இது. வழக்கே போடாமல், மனுக் கொடுத்தால் ஓனரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் சமாதானமாகி இருவரும் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணமும் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடியும் என்பது இதன் குறை. ஓனர் வரமாட்டேன் என்றால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கோர்ட் முத்திரையோடு ஒரு தபால் வந்தால் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். வீட்டு வாசலில் ரெண்டாயிரம் என்று கத்தியவர் அங்கே வந்து எழுநூற்றைம்பதுக்கு இறங்குவதும் நடக்கும்.

இலவச வக்கீல் யாருக்கு என்ற பட்டியலும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்று போகும் வரிசையில் தொழிற்சாலைத் தொழிலாளியும் உண்டு. சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கே இது தெரியவில்லை. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்றும் கேட்பதில்லை. அதனால் வீட்டுக்காரரோடு வருகிற அக்காக்களிடம், "மனுவை உங்க பேர்லயே அடிக்கிறேன்க்கா, ஒப்பந்தத்துல உங்க பேரு இருக்கா பாருங்க" என்பேன்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தத் தேதியில் குடிவந்தது, அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏற்றச் சொன்னார், உங்களால் எவ்வளவு தர முடியும். இந்தக் கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. பேச உட்காரும்போது முதலில் கேட்பதே அதைத்தான். கூடவே ஜிபேயில் வாடகை அனுப்பிய விவரம், கரண்ட் கட்டணம் கொடுத்த சீட்டு, கம்பெனி அடையாள அட்டை. எல்லாம் இரண்டு நகல்.