ஊட்டியில் இரண்டு பொறாமைக்காரர்கள்! தோற்ற காமெடிப் படம் ஜெயித்த கதை

தீபாவளி ரிலீஸ், இரண்டு பெரிய ஹீரோக்கள், இரண்டு முன்னணி ஹீரோயின்கள், கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஊட்டி. இத்தனையும் இருந்தும் ஒரு காமெடிப் படம் தியேட்டரில் படுத்துவிட்டது. 1994 நவம்பர் 4 அன்று வெளியான ‘அந்தாஸ் அப்னா அப்னா’ என்ற இந்திப் படம்தான் அது.

அமீர் கான், சல்மான் கான் என்ற இருவரும் சேர்ந்து ஹீரோக்களாக நடித்த படம் இது. ரவீனா டாண்டனும் கரிஷ்மா கபூரும் ஜோடிகள். இயக்குநர் ராஜ்குமார் சந்தோஷி அதற்கு முன் ‘காயல்’, ‘தாமினி’ என்று அனல் பறக்கும் படங்களைத் தந்தவர். அப்படிப்பட்டவர் திடீரென்று காமெடிக்கு வந்தால் ரசிகர்கள் என்ன எதிர்பார்த்திருப்பார்கள்? கிடைத்ததோ முழு நீளக் கோமாளித்தனம்!

கதை என்ன?

அமர் ஒரு முடிதிருத்துபவரின் மகன். பிரேம் ஒரு டெய்லரின் மகன். இருவருக்கும் வேலை இல்லை, வெட்டி ஜம்பம் மட்டும் மலையளவு. லண்டனிலிருந்து ஒரு கோடீஸ்வரரின் மகள் மாப்பிள்ளை தேடி வருகிறாள் என்ற செய்தி கிடைத்ததும் இருவரும் தனித்தனியே கிளம்புகிறார்கள். வழியில் சந்திக்கிறார்கள். அங்கிருந்துதான் வயிற்றெரிச்சல் ஆரம்பம்.

ஒருவன் நினைவு இழந்தவனாக நடித்து அந்த வீட்டுக்குள் நுழைந்தால், இன்னொருவன் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக வந்து உட்கார்ந்துகொள்கிறான். ஒருவன் சாப்பாட்டில் பேதி மருந்தைக் கலக்கிறான். இன்னொருவன் பழிவாங்கக் காத்திருக்கிறான். சிரித்துக்கொண்டே தோளில் கைபோடுவதும், மறு நிமிஷமே காலை வாருவதுமாகப் படம் நகர்கிறது. பணக்காரத் தந்தைக்கும் வில்லனுக்கும் ஒரே முகம். அந்த இரட்டை வேடத்தில் பரேஷ் ராவல்!

ஏன் எடுபடவில்லை?

காரணம் தேடினால் சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வெளியான ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ நாடெங்கும் குடும்பம் குடும்பமாகக் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அதில் பாசமான தம்பியாக வந்த சல்மானைப் பார்த்துக் கண் கலங்கியவர்களுக்கு, இதில் அசட்டுப் பிரேமாக அவரை ஏற்றுக்கொள்வது சிரமம்தான்.

இன்னொன்று, இந்தக் கதையில் நல்லவன் என்று யாரும் இல்லை. இரண்டு ஹீரோக்களும் பொய்யர்கள்; பணத்துக்காகக் காதலிக்கக் கிளம்பியவர்கள். யார் பக்கம் நின்று கைதட்டுவது என்று தெரியாமல் அன்றைய ரசிகர் விழித்திருந்தால் அது அவருடைய தப்பில்லை.

கேமராவுக்குப் பின்னாலும்...

திரையில் மட்டும்தான் உரசல் என்று நினைத்தால் அதுவும் இல்லை. இந்தப் படத்தில் சல்மானுடன் நடித்தது நல்ல அனுபவமாக இல்லை, அப்போது அவரைத் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று அமீரே 2013-ல் ‘காஃபி வித் கரண்’ நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார்.

ஹீரோயின்கள் கதையும் அதேதான். அந்த நாள்களில் கரிஷ்மாவும் தானும் பேசிக்கொள்வதே இல்லை என்று ரவீனா பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிளைமாக்ஸில் இருவரையும் சேர்த்துக் கட்டிப்போடும் காட்சி வரும். ‘பேசினால்தான் அவிழ்த்துவிடுவோம்’ என்று படக்குழு அடம்பிடித்ததாம்!

நீலகிரிக் குளிரில் இத்தனை புகைச்சல். ஆனாலும் திரையில் இந்த நால்வரையும் பார்த்தால் பல வருஷம் பழகியவர்கள் போலத்தான் இருக்கும்.

அதே மலை, வேறு பாடம்

சினிமாவுக்கு ஊட்டி புதிதல்ல. ‘மூன்றாம் பிறை’யின் கிளைமாக்ஸில் கமல் தவித்த கேத்தி ரயில் நிலையத்தை மறக்க முடியுமா? ‘தில் சே’ படத்தில் ஷாரூக் கான் ஆடியது நம் மலை ரயிலின் கூரை மேல்தான். அழவைத்த மலை, ஆடவைத்த மலை, சிரிக்கவும் வைத்தது.

1996 பொங்கலுக்கு வந்த சுந்தர்.சி-யின் ‘உள்ளத்தை அள்ளித்தா’ அதற்குச் சாட்சி. ஆள் மாறாட்டம் என்ற முடிச்சு 1958-ல் வந்த ‘சபாஷ் மீனா’வை நினைவூட்டும். ரம்பாவின் அப்பாவும் அவரைக் கடத்தும் திருடனும் ஒரே ஜாடை என்ற முடிச்சு, ‘அந்தாஸ் அப்னா அப்னா’வை நினைவூட்டும். அந்த இரட்டை வேடத்தில் இங்கே மணிவண்ணன்!

இந்தியில் கவிழ்ந்த சரக்கு, ஒன்றே கால் வருஷத்துக்குள் தமிழில் சக்கைப்போடு போட்டது எப்படி? ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அங்கே இரண்டு ஹீரோக்களும் ஒரே பெண்ணைக் குறிவைத்து மோதுகிறார்கள். இங்கே கார்த்திக்கும் கவுண்டமணியும் ஒருவரையொருவர் எவ்வளவு வாரினாலும் கூட்டாளிகள். கவுண்டமணி திட்டும்போது அதில் பாசம் இருக்கிறது என்று கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும். பொறாமைக்குப் பதிலாக நட்பை வைத்ததும், குடும்பம் மொத்தமும் தியேட்டருக்கு வந்துவிட்டது.

காலம் கொடுத்த கைதட்டல்

தோற்ற படத்தை டிவி காப்பாற்றியது. கேபிளில் திரும்பத் திரும்பப் பார்த்த தலைமுறை, வசனங்களை மனப்பாடம் செய்தது. சக்தி கபூரின் ‘கிரைம் மாஸ்டர் கோகோ’ தெருவோரப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயரானது. பிறகு மீம்ஸ் காலம் வந்தது. செல்போன் செல்போனாகப் பரவியது. தியேட்டரில் கைவிடப்பட்ட அதே படம், 30 வருஷம் கழித்து 2025 ஏப்ரல் 25 அன்று 4கே தரத்தில் மறுபடி தியேட்டருக்கே வந்தது.

இதைவிட அழகான திருப்பம் ஒன்று உண்டு. முதல் மனைவியைப் பிரிந்து அமீர் மனம் உடைந்திருந்த நாள்களில், அவரைத் தேடி வந்து பேசியவர் சல்மான். நட்பு வளர்ந்தது அதற்குப் பிறகுதான் என்று அதே நிகழ்ச்சியில் அமீர் சொன்னார்.

பொறாமை பெரும்பாலும் நமக்குச் சமமானவர் மீதுதான் வருகிறது. அம்பானியைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவன் கார் வாங்கினால்தான் கெடுகிறது. அமரும் பிரேமும் அதைத்தான் செய்து காட்டினார்கள். அன்று ரசிகர்கள் சிரிக்கவில்லை. ஒருவேளை, கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கக் கொஞ்சம் வயதாக வேண்டியிருக்கிறதோ என்னவோ!