ஊவாத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் கைமாறிய கதை

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் பள்ளிக்கூடம் தோட்டத்தின் சொத்து. இடமும் கட்டடமும் தோட்டத்தினுடையவை. வாத்தியாரை வைப்பவரும் நிறுத்துபவரும் தோட்ட அதிகாரியான துரை. பதிவு செய்யப்பட்ட பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. பணத்தில் அரசின் பங்கு, நிர்வாகம் தனியாருடையது.

இதே அமைப்பின் புதிய வடிவம் ஒன்று அமெரிக்காவில் ‘சாட்டர் பாடசாலை’ என்ற பெயரில் வளர்ந்திருக்கிறது. ஆசிரியர் சங்கத் தலைவரான ஆல்பர்ட் ஷாங்கர் 1988 இல் இந்த எண்ணத்தைப் பரப்பினார். ஆசிரியர்களே புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகள் வேண்டும் என்பது அவர் விருப்பம். 1991 இல் மினசோட்டா மாநிலம் முதற் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டு அம்மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் முதற் பாடசாலை திறந்தது. கட்டணம் கிடையாது, பணம் அரசுடையது, நடத்துவது தனிச் சபை. வழக்கமான விதிகள் பல இதற்குப் பொருந்தா. பதிலுக்கு, ஒப்பந்தத்தில் சொன்ன பலனைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூட வேண்டும். காலப்போக்கில் ஷாங்கரின் ஆசிரியர்கள் பின்னால் போய், அறக்கட்டளைகளும் நிர்வாக நிறுவனங்களும் முன்னுக்கு வந்தன. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2009 இல் கணிதத்தை வைத்து ஒப்பிட்டபோது, இப்பாடசாலைகளில் 17 சதவீதம் அயலிலுள்ள அரசுப் பாடசாலைகளைவிட மேலாகவும் 37 சதவீதம் கீழாகவும் இருந்தன. 2023 இல் அதே ஆய்வாளர்கள் சராசரியில் சிறு முன்னேற்றத்தைக் கண்டனர். அங்கே விவாதம் இன்னும் தீரவில்லை. நிர்வாகத்தைத் தனியாரிடம் விட்டால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு ஊவாவின் மலைகள் தம் பங்குக்கு ஒரு பதிலை வைத்திருக்கின்றன.

இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் 1869 இல் உருவானது. மிஷன்களும் தனியாரும் நடத்திய பள்ளிகளுக்கு அரசு உதவிப்பணம் வழங்கும் முறை அதன்பின் உறுதிப்பட்டது. மலையகத்தில் 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களில் சிறு பள்ளிகளை நடத்தியது. ‘கூலி’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அமைப்புதான் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்துக் கற்பித்தது. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், 6 முதல் 10 வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதைத் தோட்ட அதிகாரியின் கடமையாக்கியது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை மீண்டும் வலியுறுத்தியது.

சட்டம் கடமையைச் சரியாக வரையறுத்தது. அதைத் தவறான கையில் கொடுத்தது. கொழுந்து பறிக்க ஆள் தேவைப்பட்டவரிடமே, அந்த ஆளின் பிள்ளையைப் படிக்க வைக்கும் பொறுப்பும் போய்ச் சேர்ந்தது. பத்து வயதில் சட்டத்தின் கணக்கில் படிப்பு முடிகிறது. அந்த வயதிலோ அதற்குச் சற்றுப் பின்னோ பிள்ளை பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பிரிப்புக்கு, போய்ப் பேர் பதிந்துவிடும். பெரும்பாலான பள்ளிகள் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்த வாத்தியாரும் தோட்டத்தில் சம்பளம் வாங்குபவர். அக்கறையுள்ள துரைமார் சிலர் நல்ல கட்டடம் கட்டினார்கள், நல்ல வாத்தியாரைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால் அது துரையின் குணத்தைப் பொறுத்தது; துரை மாறினால் பள்ளிக்கூடமும் மாறும்.

மினசோட்டாவில் பள்ளி பிடிக்காத பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கலாம். அரசுப் பணமும் பிள்ளையோடு போகும். நிர்வாகத்துக்கு அந்தப் பயம் இருக்கும் என்பதே இம்முறையை ஆதரிப்போரின் வாதம். ஊவாவின் மடுல்சீமையிலோ பூனாகலையிலோ இருந்த தாய்க்கு அந்த வழி இல்லை. அடுத்த பள்ளி அடுத்த தோட்டத்தில் இருந்தது. அதுவும் இன்னொரு துரையுடையது. முறையிட வேண்டிய ஆளும், சம்பளம் தருபவரும், லயத்தில் குடியிருக்கக் காம்பரா ஒதுக்குபவரும் ஒருவரே என்றால் முறைப்பாடு வாயைவிட்டு வராது.

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழி செய்தபோதும், அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. மறு ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவரின் பள்ளிக்கூடத்துக்காகப் பாராளுமன்றத்தில் மேசையில் தட்ட யாரும் இல்லை. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டு நாடே அதிர்ந்த வேளையிலும், தோட்டப் பாடசாலைகள் இருந்த இடத்திலேயே விடப்பட்டன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பிறகு, 1977 முதல்தான், பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து ஒரு தலைமுறை கழிந்திருந்தது.

கைமாறியதும் மாற்றம் தெரிந்தது. 1980களில் சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்திலேயே படித்து வளர்ந்த இளைஞர்களுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. 1978 இல் அமைச்சரான சௌமியமூர்த்தி தொண்டமானின் அழுத்தம் இதற்கு உதவியது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியோடு உருவானது. ஊவாவில் பதுளை சரஸ்வதி, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி, பசறைத் தமிழ்ப் பாடசாலை போன்றவை தோட்டப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பும் இடங்களாக வளர்ந்தன.

குறை இருப்பது வகைப்படுத்தலில் தெரிகிறது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள பாடசாலை 1ஏபி. கலை, வணிகம் மட்டும் உள்ளது 1சி. தரம் 11 வரை போவது வகை 2. தரம் 8க்கு மேல் போகாதது வகை 3. தோட்டத்துக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைக்குள் அடங்குகின்றன. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர நினைக்கும் பிள்ளை லுணுகலைப் பக்கமிருந்து நகரத்துக்கு விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். பஸ் காசு வீட்டுச் செலவில் ஒரு பெரிய துண்டு. கணித, விஞ்ஞான ஆசிரியர் வெளியூரிலிருந்து வந்தால், கட்டாய சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம் வாங்கிப் போய்விடுகிறார். வெற்றிடத்தை நிரப்ப, 2010களின் நடுவில் தோட்டப்பகுதி இளைஞர்கள் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பின்னர் 10,000. முழு வகுப்பையும் தனியே நடத்தும் ஒருவருக்கு இது ஊதியமே அல்ல. தோட்டத்து நாட்சம்பளக்காரரைவிடக் குறைவாக வாத்தியாருக்குக் கொடுத்த அரசு, துரை காலத்துக் கஞ்சத்தனத்தையே தொடர்ந்தது.

1987 இல் மாகாண சபைகள் வந்தபின் தேசியப் பாடசாலைகள் கொழும்பின் கீழும் ஏனையவை மாகாணத்தின் கீழும் பிரிந்தன. தோட்டப் பாடசாலை அதிபர் ஒரு கதிரைக்காகக்கூட வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத வேண்டும். கட்டடம் அரசினுடையதானாலும் சுற்றியுள்ள நிலத்தை 1992 முதல் தனியார் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. அதனால் மைதானம் போடவும் கம்பனியின் சம்மதம் வேண்டும். இதற்காகவே பாடசாலை ஒன்றுக்கு 2 ஏக்கர் காணி ஒதுக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்கள் தஞ்சம் புகுந்தது பாடசாலைகளில்தான். தோட்டத்து மக்களுக்கென்று இருந்த பொதுக்கூரை அது ஒன்றுதான்.

பிள்ளைகள் குறைந்த பாடசாலைகளை மூடி, அருகிலுள்ளவற்றோடு இணைக்கும் யோசனை சீர்திருத்தப் பேச்சுகளில் அடிக்கடி எழுகிறது. ஒரு பெரிய பாடசாலைக்கு ஆசிரியர்களை ஒன்றாக அனுப்பலாம் என்பது நியாயமான வாதம். ஆனால் மலைநாட்டில் வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றர் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓடையும் சரிவும் அட்டையும் உள்ள ஒரு மணி நேர நடை. முடிவெடுப்போர் பெற்றோரைக் கேட்க வேண்டும். கேட்பதற்கென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது; அதன் கூட்டம் வேலைநாளில் வைக்கப்பட்டால், வரும் தாய்க்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகும். ஞாயிற்றுக்கிழமை கூடும் சங்கங்களில் தாய்மார் பேசுகிறார்கள்.

பாடசாலைக்கு முந்திய வயது இன்னும் பழைய ஏற்பாட்டின் கீழ்தான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை, இப்போதைய பெயரில் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தை, கம்பனிகள் நடத்துகின்றன. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதற்குத் துணை நிற்கிறது. மூன்று தரப்பு உட்கார்ந்திருப்பதால் துரையின் பள்ளிக்கூடத்தைவிட இது மேலானது. பயிற்சி பெற்ற பொறுப்பாளர்கள் உள்ள இடங்களில் பிள்ளைகள் பாட்டும் படமுமாக நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் அதன் நேரத்தைத் தீர்மானிப்பது மலையில் கொழுந்து பறிக்கும் நேரம். தாய் வேலைக்குப் போகும்போது கதவு திறக்கிறது, கொழுந்து நிறுத்துவிட்டு அவள் திரும்பியதும் மூடுகிறது.