எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்கள்

மண்ணெண்ணெயை உண்டு உயிர் வாழும் ஜீவன்கள் உண்டு என்று நான் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது உண்மை. மண்ணிலும் கடலிலும் வாழும் பாக்டீரியாக்களுட் சில, கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன்களை உணவாகக் கொள்ளுகின்றன.

எண்ணெயும் நீரும் ஒட்டா. நீரில் வாழும் நுண்ணுயிர் எண்ணெயை எவ்வாறு அணுகும்? இவற்றுட் பல, சோப்பைப் போன்ற ஒரு பொருளைத் தாமே சுரந்து, எண்ணெயைச் சிறு சிறு துளிகளாகச் சிதறச் செய்துகொள்ளுகின்றன. பிறகுதான் பந்தி தொடங்குகிறது. நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலியின் நுனிக் கரியணுவில் ஒரு பிராணவாயு அணுவைப் பொருத்த வேண்டும். அதற்கெனத் தனி என்ஸைம் உண்டு. கடினமான படி இதுவே. இதைக் கடந்ததும் சங்கிலி ஆல்கஹாலாகி, பின்னர்க் கொழுப்பமிலமாகிவிடுகிறது. கொழுப்பமிலத்தை இரண்டிரண்டு கரியணுக்களாகக் கத்தரித்து எரிக்கும் வித்தையை நம் உடலும் அறியும். நாம் உண்ணும் நல்லெண்ணெய்க்கு நேர்வதும் அதுவே. வளைய வடிவான மூலக்கூறுகளில்தான் இவை திணறுகின்றன. தார் போன்ற கசடையோ பெரும்பாலும் தீண்டுவதேயில்லை.

அப்படியானால், கடலில் கொட்டிய எண்ணெயை இவற்றிடம் ஒப்புவித்துவிட்டு நாம் வாளாவிருக்கலாமா? 1989 மார்ச் 24 அன்று, அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் விரிகுடாவில் எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் பாறைத்திட்டில் மோதிற்று. ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலிற் கலந்தது. எண்ணெய் உண்ணும் பாக்டீரியாக்கள் அக்கரையில் முன்னரே இருந்தன. உணவும் குவிந்து கிடந்தது. ஆனால் உடலை வளர்க்கத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதவில்லை. வெறுஞ்சோற்றை மட்டும் இட்டுப் பிள்ளையை வளர்க்க முடியுமா? ஆகவே விஞ்ஞானிகள் கரைக் கற்களின்மேல் உரம் தெளித்தனர். பயிருக்கு இடும் சத்துக்களேதாம். சில வாரங்களில், உரமிட்ட கற்கள் இடாத கற்களைவிட வெளுத்துத் தோன்றின.

இந்த வெற்றியைச் சிலர் அளவுக்கு மீறிப் பாராட்டுகிறார்கள் என்பது என் கருத்து. நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் உண்டன. சுமார் இரண்டரை லட்சம் கடற்பறவைகளோ அதற்குள் மாண்டுவிட்டன என மதிப்பிடப்பட்டுள்ளது. 2001ஆம் ஆண்டில் அக்கரைகளில் 91 இடங்களைத் தோண்டிப் பார்த்தனர். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எண்ணெய் இன்னும் இருந்தது. மேலே வெளுத்துக் கிடந்த கற்களுக்கு அடியில், பிராணவாயு எளிதில் எட்டாத ஆழத்தில் அது இறங்கியிருந்தது. பிராணவாயு இன்றியே எண்ணெயை உண்ணும் இனங்களும் உள; அவை உண்ணும் வேகமோ மிக மந்தம். குழி சிலவற்றில், 12 ஆண்டுகளுக்கு முன் கொட்டிய எண்ணெய் அன்று கொட்டியதுபோலவே கசிந்து வந்தது.