பாட்டு மாறும்போது ஆட்டம் நிற்காமல் இருக்க

“பாட்டுப் போட வெளியில் இருந்து ஆள் எதற்கு? நம்ம பிள்ளைகள் இருக்கிறார்களே!” பிறந்தநாள், கல்யாண வரவேற்பு, வருட இறுதி ஒன்றுகூடல் என்று எது வந்தாலும் இப்படிச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு முழு இரவை நம்பி உங்கள் கையில் தருகிறார்கள். புதிதாக டிஜே கன்ட்ரோலர் வாங்கிய தம்பி தங்கைகளுக்கு அங்கேதான் முதல் சோதனை. தேர்ந்தெடுத்த பாட்டுகள் எல்லாம் நல்ல பாட்டுகள்தான். ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது வரும் அந்தச் சில விநாடிகளில், ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராய் நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். உட்கார்ந்தவர்களை மறுபடி எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதைச் சரிசெய்ய விலை கூடிய கருவி தேவையில்லை. எண்ணத் தெரிய வேண்டும், ஆடுகிறவர்களைக் கவனிக்கத் தெரிய வேண்டும்.

எல்லாம் தொடங்கிய அறை

ஹிப்-ஹாப் பிறந்த கதையே இந்தக் கவனிப்பில்தான் தொடங்குகிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருந்து 12 வயதில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கிளைவ் கேம்பல் என்ற பையன், பிற்பாடு டிஜே கூல் ஹெர்க் ஆனார். 1973 ஆகஸ்ட் 11 அன்று அவருடைய தங்கை சிண்டி, பள்ளிக்கூடத்துக்குப் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க, அவர்கள் குடியிருந்த பிராங்ஸ் அடுக்குமாடியின் பொது அறையில் ஒரு விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டவர் அண்ணன். பாடல் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சிறிய பகுதிக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்தப் பகுதிகளை மட்டும் எடுத்து ஒன்றின் பின் ஒன்றாகப் போட ஆரம்பித்தார்.

அதைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, டிரம்ஸ் தொடங்கும் இடத்தைக் கிரேயானால் குறித்தார். தட்டை எத்தனை சுற்றுப் பின்னோக்கித் திருப்ப வேண்டும் என்று எண்ணி, தாளம் தவறாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினார். இன்று உங்கள் கன்ட்ரோலரில் இருக்கும் கியூ பொத்தான் செய்வது அந்தக் கிரேயான் கோட்டின் வேலைதான். ஆனால் அவர் இதை முதன்முதலில் கூட்டத்துக்குச் செய்துகாட்டியபோது யாரும் ஆடவில்லை, நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வித்தை சரியாக இருந்தும் கூட்டம் கூட வரவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

பாட்டின் வாக்கியம் எங்கே முடிகிறது?

ஹிப்-ஹாப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு தட்டுகள் கொண்ட சுற்றுகளாக ஓடுகின்றன. ராப் பகுதி பொதுவாக 16 சுற்று, திரும்பத் திரும்ப வரும் பல்லவி பல பாட்டுகளில் 8 சுற்று. நிமிடத்துக்கு 90 தட்டு வேகமுள்ள பாட்டில் 8 சுற்று என்பது சுமார் 21 விநாடி. நீங்கள் பாட்டு மாற்ற வேண்டிய இடம் இந்த 8 அல்லது 16 முடியும் இடம். நடுவில் மாற்றினால், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்தியது போல இருக்கும்.

கன்ட்ரோலரில் வேகத்தைத் தானாகச் சேர்த்துவைக்கும் ‘சிங்க்’ பொத்தான் இருக்கிறது. பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் அது வேகத்தைத்தான் சேர்க்கும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று காதால் கேட்டு எண்ண வேண்டியவர் நீங்கள். மேலும், பழைய தமிழ்ப் பாட்டுகளில் வாத்தியக்காரர்கள் நேரடியாக வாசித்திருப்பதால் வேகம் கொஞ்சம் கூடும், குறையும். அங்கே சிங்க்கை நம்பினால் நடுவழியில் தாளம் பிசகிவிடும்.

முதலில் மூன்று வழிகள் போதும்

முதலாவது, நேர் வெட்டு. ஓடும் பாட்டின் 8 முடிந்தவுடன், அடுத்த பாட்டை அதன் முதல் தட்டில் தொடங்கிவிட்டு, பழையதை உடனே நிறுத்துங்கள். எளிமையானது, ஹிப்-ஹாப்புக்கு மிகவும் பொருந்துவது.

இரண்டாவது, பேஸ் மாற்றம். இரண்டு பாட்டின் வேகமும் நெருக்கமாக இருக்கும்போது இது உதவும். புதிய பாட்டின் பேஸ் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். 8 சுற்று முடியும் இடத்தில் பழையதின் பேஸைக் குறைத்து, புதியதின் பேஸை ஏற்றுங்கள். இரண்டு பேஸும் ஒன்றாக ஒலித்தால் ஒலிபெருக்கியில் உறுமல்தான் கேட்கும். இரண்டு பாட்டிலும் குரல் ஒரே நேரத்தில் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ராப் மேல் ராப் விழுந்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

மூன்றாவது, எக்கோ. வேகம் பொருந்தாத பாட்டுக்குப் போகும்போது, கடைசிச் சொல்லில் எக்கோவைப் போட்டுப் பழைய பாட்டை நிறுத்துங்கள். அந்த எதிரொலி கரைவதற்குள் புதியதைத் தொடங்குங்கள்.

தகதிமியும் தகிடவும்

நம் விழாக்களில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகள் ஹிப்-ஹாப் கேட்பார்கள், மாமாக்களும் சித்திகளும் குத்துப் பாட்டு கேட்பார்கள். மிருதங்கம் படித்தவர்களுக்கு உடனே விளங்கும்: ஹிப்-ஹாப் பெரும்பாலும் தகதிமி, நான்காகப் பிரிவது. டப்பாங்குத்து பெரும்பாலும் தகிட, மூன்றாகப் பிரிவது. வேகத்தைச் சமமாக்கி ஒன்றன் மேல் ஒன்று வைத்தாலும் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆகவே இங்கே கலக்க முயலாதீர்கள். நேர் வெட்டு அல்லது எக்கோ போதும். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு தமிழ் ராப் பாட்டை வையுங்கள். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பை வீட்டில் அண்ணன்மாருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்களுக்கு மொழி பிடிபடும், பிள்ளைகளுக்குத் தாளம் பிடிபடும். எழுந்து போக யாருக்கும் காரணம் இருக்காது.

வீட்டில் பயிற்சி

ஒரு வாரத்துக்கு இரண்டே பாட்டுகளை எடுங்கள். அதே மாற்றத்தைத் தினமும் இருபது முறை செய்யுங்கள். பதிவுசெய்து மறுநாள் ரயிலில் போகும்போது கேளுங்கள். செய்யும்போது தெரியாத பிசகு அப்போது தெரியும்.

பயிற்சிக்கு ஹெட்போன் நல்லது. நம் புதுக் குடியிருப்புகளில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. விக்டோரியாவில், பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கும்படி பாட்டு வைக்கக்கூடாத நேரங்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 10 மணிக்குப் பிறகும், வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு 11 மணிக்குப் பிறகும் கூடாது. வார நாட்களில் காலை 7 மணி வரையும், சனி, ஞாயிறுகளில் காலை 9 மணி வரையும் இதே கட்டுப்பாடு.

விழா அன்று

கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்புகளை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். மண்டபத்தில் தாத்தா பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் தலைநிமிர்ந்து ஆடுகிறவர்களின் கால்களைப் பாருங்கள். அவை களைத்திருந்தால் வேகத்தைக் குறையுங்கள், துள்ளினால் அதே வேகத்தில் இன்னும் ஒரு பாட்டுப் போடுங்கள். ஒரு மாற்றம் பிசகினாலும் பதறி உடனே அடுத்ததற்குத் தாவ வேண்டாம். வந்த பாட்டை ஓடவிடுங்கள். அரை நிமிடத்தில் எல்லோரும் அதை மறந்து ஆடிக்கொண்டிருப்பார்கள்.